மனம் வராத நாளின் வழிபாடு

மனம் ஒன்றாத நாளில், வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக விளக்கேற்றிக் கைகூப்புவது வழிபாடு ஆகுமா, வெறும் உடற்செயலாக நின்றுவிடுமா என்ற கேள்வி, அன்றாட ஆன்மிகப் பயிற்சியை மேற்கொண்ட எவருக்கும் என்றேனும் எழுவது. திருச்சிராப்பள்ளியின் சமய மரபில் இதற்கு இரு விடைகள் உள்ளன.

முதல் விடை திருவரங்கத்தில், தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் வாழ்வில் கிடைக்கிறது. பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவரான இவர், திருமண்டங்குடியில் விப்ரநாராயணர் என்ற பெயருடன் பிறந்து, அரங்கனுக்கென நந்தவனம் அமைத்து, நாள்தோறும் பூப்பறித்து மாலை தொடுப்பதையே தம் கைங்கரியமாக, அதாவது பயன் கருதாமல் இறைவனுக்குச் செய்யும் பணியாக, ஏற்றவர் என்றும், இடையே தேவதேவி என்ற கணிகையிடம் மனத்தைப் பறிகொடுத்துப் பின் அந்தப் பணிக்கே திரும்பியவர் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அவர் பாடிய 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையில், தம்மிடம் தூய்மையும் இல்லை, பக்தியும் இல்லை என்ற ஏக்கம் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. நாள்தோறும் மாலை கட்டித் தந்தவரே இவ்வாறு உருகியிருக்க, உள்ளம் முழுதும் கனிந்த பிறகுதான் வழிபடத் தொடங்குவது என்று ஒருவர் காத்திருந்தால், அந்த நாள் வராமலே போகக்கூடும். பூவோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை; விடியலில் பறித்து, வாடுவதற்குள் தொடுத்தாக வேண்டும் என்ற அந்தக் கட்டாயமே அலையும் மனத்தை ஓரிடத்தில் இருத்துகிறது. திருவரங்கக் கோயிலின் காலை ஒழுங்கிலும் இதே உறுதியைக் காணலாம்: பசுவும் யானையும் சந்நிதிமுன் நிற்க நடைபெறும் விஸ்வரூப தரிசனம் எவருடைய மனநிலையையும் பொறுத்ததன்று.

எனினும், செயலை மட்டுமே நம்பினால் அது கைப்பழக்கமாகச் சுருங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. இங்குதான் மலைக்கோட்டை இறைவனின் பெயரைத் தாங்கிய தாயுமானவர் நினைவுக்கு வருகிறார். நாயக்கர் அரசில் கணக்குப் பொறுப்பு வகித்த அவருக்கு, மௌனகுரு என்று போற்றப்பட்ட ஆசான் அருளியது ‘சும்மா இரு’ என்ற உபதேசம்; எண்ணங்களின் பின்னே ஓடாமல், எதையும் வேண்டாமல், உள்ளம் அடங்கி இருக்கும் நிலையை அது குறிக்கிறது. துறவை நாடிய அவரை, இல்லறத்தை நடத்திவிட்டு வருமாறு அந்த ஆசான் பணித்தார் என்று வரலாறு சொல்லும்போது, மௌனம் காட்டுக்கு மட்டும் உரியதன்று, அலுவலும் குடும்பமும் உள்ளவருக்கும் உரியது என்பது தெளிவாகிறது.

திருச்சிராப்பள்ளியின் கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளில், வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படும் அவசரத்துக்கு இடையே வழிபடுகிற குடும்பங்களுக்கு இவ்விரண்டும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. மார்கழியில் நாளுக்கு ஒரு பாசுரமாகத் திருப்பாவையின் 30 பாசுரங்களையும் ஓதும் வழக்கம் இதற்கு மிகப் பொருத்தமானது; குறிப்பிட்ட பாசுரத்தை அந்தந்த நாளில் ஓதியே ஆகவேண்டும் என்பதால் செயல் தவறுவதில்லை, அன்றைக்கு ஒன்றே போதும் என்பதால் அதைப் பற்றிச் சிந்திக்கவும் நேரம் எஞ்சுகிறது. ஆனால் ஓதி முடித்ததும் எழுந்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. மரபு தவறாமல் காத்துத் தந்த செயலுக்குப் பின், தாயுமானவர் பெற்ற அந்த அமைதிக்கும் சில நிமிடங்களையாவது ஒதுக்குவது, நகர வாழ்வின் எந்த நெருக்கடியிலும் இயலாததன்று.