விரும்புவதும் உடன்படுவதும்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் சாலையில், நகரத்தின் நெரிசலுக்குள் புகுவதற்கு முன்பாகவே விமான நிலையம் வந்துவிடுகிறது. ஆதலால், தனக்கென்று ஒரு விமான நிலையம் இல்லாத நம் மாவட்டத்தாருக்கு ஆகாயப் பிரயாணம் என்பது அவ்வளவு தூரத்துச் சங்கதியன்று. அறந்தாங்கியிலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்களால் நமக்கு முதலில் பரிச்சயமான அந்த நிலையம், இப்பொழுது பெங்களூரில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகும் தாய்க்கும், தகப்பனாரைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் பெண்ணுக்கும், ஹைதராபாத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞனுக்கும் பழகிய வழித்துறையாகிவிட்டது. இப்படிப் போகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் தெரிந்தவர் யாரிடமாவது கேட்கிற கேள்வி, "எந்த ஃபிளைட் நல்லது?" என்பதுதான். மிகவும் சாமானியமான இந்தக் கேள்வியைத் தத்துவ விசாரணைக்கு உரியதென்று நான் கருதுகிறேன். ஏனெனில், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு, இதுவே எனக்கு உகந்தது என்று ஒருவன் வரித்துக்கொள்ளும்போது, கட்டணத்தோடு தன் சம்மதத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறான். அந்தச் சம்மதம் எதற்கெல்லாம் போய்ச் சேருகிறது என்பதை அவன் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

வரித்துக்கொள்வதற்கே இடமில்லாதிருந்த காலமும் உண்டு. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் தபால் மூட்டைகளைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாக அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய கம்பெனிகளையெல்லாம் 1953இல் சர்க்கார் ஒரு சட்டத்தின் மூலம் தேசவுடைமையாக்கி, உள்நாட்டுப் பறப்புக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. ஏறக்குறைய நாற்பது வருஷங்கள் அதில் இடம் கிடைத்ததா இல்லையா என்பதே பிரயாணியின் கவலையாக இருந்தது. 1994இல் அந்தச் சட்டம் நீங்கிய பின்பு எத்தனை பெயர்கள் வந்தன, எத்தனை பெயர்கள் போயின! ஏழை எளியவரும் பறக்க வேண்டுமென்று கேப்டன் கோபிநாத் 2003இல் தொடங்கிய ஏர் டெக்கான் சில ஆண்டுகளிலேயே கிங்ஃபிஷரில் கலந்தது. அந்தக் கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதியோடு ஓய்ந்தது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் அடங்கியது. பலருடைய அபிமானத்துக்குப் பாத்திரமாயிருந்த விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு ஐக்கியமாயிற்று. இவற்றில் ஒவ்வொன்றையும் தம்முடையது என்று கொண்டாடியவர்கள் இருந்தார்கள். ஜெட் நின்றபோது, உறவினர் ஒருவரை இழந்தாற்போல் வருந்திய மனிதரை நான் அறிவேன்.

அந்த வருத்தத்தை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை ஆராய வேண்டும். உமாஸ்வாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம் என்னும் ஜைன நூல், உள்ளதாகிய எந்தப் பொருளுக்கும் தோன்றுதல், மறைதல், நிலைத்தல் என்னும் மூன்றும் ஒருங்கே உண்டென்று கூறுகிறது. திரவியமாகிய பொருள் நிற்க, அதன் பர்யாயங்களாகிய நிலைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பது ஜைனர்களின் சித்தாந்தம். விஸ்தாரா மறைந்த பின்பும் அதே விமானங்கள் பறந்தன, அதே விமானிகள் ஓட்டினார்கள், அதே பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள். மாறியவை பெயரும் வர்ணமும் சீருடையும்தான். அப்படியானால் அபிமானி எதன்மீது அன்பு வைத்திருந்தார்? அவரைத் தாங்கிச் சென்றது மனிதரின் உழைப்பு. அவர் நேசித்ததோ அந்த உழைப்பின்மேல் அப்போதைக்கு எழுதப்பட்டிருந்த பெயரை.

ஜைனர்களின் நினைவு இங்கே எழுவது தற்செயலன்று. நம் மாவட்டத்தில் அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல் குன்றின் மேற்புறத்தில், பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால்வைத்து ஏழடிப்பட்டத்துக்குச் சென்றால், இயற்கைக் குகையொன்றில் முனிவர்கள் படுத்துக் கிடந்த 17 கற்படுக்கைகளைக் காணலாம். கையால் தடவிப் பார்த்தால், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்த வழவழப்பு இன்னும் குளிர்ச்சியாகப் படுகிறது. தலைமாட்டில் தலையணைபோலக் கல்லையே சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் ஓடுகின்றன. அங்கே வந்து கிடந்தவர்கள் எந்த வாகனத்திலும் ஏறாத விரதிகள். எங்கிருந்து புறப்பட்டாலும் வழியில் உள்ள சிற்றுயிர்களுக்கு ஊறு நேராதபடி பார்த்துப் பார்த்துக் கால்நடையாகவே வந்தவர்கள். வாகனத்தை அறவே துறந்தவர்களிடம் வாகனத்தைத் தேர்ந்தெடுக்கும் நெறியைக் கேட்பது முறையா என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். துறந்தவர்களுக்குத்தான், துறக்காத நாம் எதை எதற்காகப் பற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது தெளிவாகத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

அவர்களுடைய அநேகாந்தவாதம், ஒரு பொருளைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் ஒரு நோக்கில் மாத்திரமே உண்மையென்று கற்பிக்கிறது. விமானங்களைப் பற்றிய நம் வாதங்களில் இது கண்கூடு. மாதச் சம்பளக்காரருக்குக் கட்டணமே பிரதானம். கல்யாணச் சீரோடு போகிற குடும்பத்துக்கு, கையில் 7 கிலோ, சரக்கறையில் 15 கிலோ என்ற வரம்பை எவன் எவ்வளவு கெடுபிடியாக நிறுத்துப் பார்க்கிறான் என்பதே பிரதானம். சென்னைக்கு விசிறி சுழலும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்தில் போக அஞ்சுகிறவர், பெரிய விமானம் எந்தக் கம்பெனியுடையது என்று பார்க்கிறார். அன்றே இறங்கி அன்றே திரும்ப வேண்டிய வியாபாரிக்கு நேரம் தவறாமை ஒன்றே போதும். ஒவ்வொருவரும் மெய்யே சொல்கிறார்கள். தம் மெய்யைப் பிறருக்கும் முழு மெய்யாக்கும்போதுதான் பிசகுகிறது. என்னைக் கேட்டால், சாப்பாட்டின் ருசியையும் ஆசனத்தின் அகலத்தையும் கடைசியில் வைத்துவிட்டு, தளர்ந்தவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதை முதலில் பார்ப்பேன்.

திருச்சி நிலையத்தில் ஒருமுறை கண்டேன். சக்கர நாற்காலியில் அமர்த்தப்பட்ட ஒரு மூதாட்டி, மடியில் மஞ்சள் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பையினுள் இருந்த ஊறுகாய் பாட்டிலை உள்ளே விட முடியாதென்று பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். நாற்காலியைத் தள்ளிவந்த இளைஞன் அவர் முகம் வாடியதைக் கண்டு, காலடியில் குந்தி உட்கார்ந்து, "ஆத்தா, வெளியில நிக்கிற உங்க பேரன்கிட்ட குடுத்துட்டு ஓடியாந்துர்றேன், ஃபிளைட்டு உங்கள விட்டுட்டுப் போவாது, பதறாம உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். அந்த அம்மாள் ஊருக்குப் போய், அந்தக் கம்பெனி ரொம்பத் தங்கமான கம்பெனி என்று சொல்லியிருப்பார். அவனோ ஓர் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருப்பவன். அவனுடைய குணம் எந்தக் கட்டணப் பட்டியலிலும் அச்சாவதில்லை.

வெளிலட்சணங்களைக் கொண்டு வாகனத்தை நிர்ணயிப்பதன் அபாயத்தைச் சொல்லும் கதையும் நம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பெரும் பொருளோடு புறப்பட்ட மந்திரியாகிய வாதவூரர், திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோயிலில், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, வந்த காரியத்தை மறந்து மாணிக்கவாசகரானார். பின்பு இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிச்சென்றபோது, அசுவ சாஸ்திரம் அறிந்தவர்கள் பார்த்தும் ஒரு குறையும் காணவில்லை. சுழியும் நடையும் நிறமும் யாவும் பொருந்தியிருந்தன. இராத்திரியில் அவை நரிகளாகி ஊளையிட்டு, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. சைவர்கள் இதில் காண்பது ஈசனின் திருவிளையாடலை. நான் அதனோடு, பகலில் தெரியும் அடையாளங்களுக்கு ஓர் எல்லை உண்டென்பதையும் காண்கிறேன். எந்தக் கம்பெனியையும் நரியென்று சொல்ல வரவில்லை. ஆனால் நாம் ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் பகல் லட்சணங்களே. விமானி இரவில் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

2025 டிசம்பரில் அந்த இரவு விஷயம் பகலுக்கு வந்தது. விமானிகளின் களைப்பைக் கருதி, வாரத்தில் 36 மணி நேரமாயிருந்த தொடர் ஓய்வை 48 ஆக்கியும், இரவில் இறங்கும் தடவைகளை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட விதிகள், 2025 நவம்பர் முதல் தேதி முழுமையாக அமலுக்கு வந்தன. நாட்டின் உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் சுமந்து செல்வதும், நேரம் தவறாமைக்கே பேர்போனதுமான இண்டிகோ, அந்த ஓய்வைக் கொடுத்துக்கொண்டு தன் அட்டவணையை நடத்தப் போதிய ஏற்பாடில்லாமல், சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. திட்டமிடுதலில் பிழை நேர்ந்ததென்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. சர்க்காரும் தாற்காலிகமாக விதியைத் தளர்த்திக் கொடுத்தது. நிலையங்களில் காத்துக் கிடந்த ஜனங்களின் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. ஓட்டுகிறவனுக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேர ஓய்வு என்றதும் தடுமாறிப்போகிற ஒழுங்கு என்றால், அதுநாள்வரை நாம் மெச்சிக்கொண்டிருந்த கால நியமம் எவருடைய தூக்கத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது?

ஜைன அறவோர் இம்சையைச் செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்று மூன்றாகப் பகுத்தார்கள். கொன்றவனோடும் கொல்லச் சொன்னவனோடும், நன்றென்று தலையசைத்தவனையும் கணக்கில் சேர்த்தார்கள். "அதுதான் எனக்குப் பிடித்த ஏர்லைன்ஸ்" என்று சொல்வது தலையசைப்பதே அன்றி வேறென்ன? எனக்கு இதெல்லாம் தெரியாதே என்பது ஒரு சமாதானம். ஆனால் தத்துவார்த்த சூத்திரம், அஜாக்கிரதையினால் உயிருக்குச் செய்யும் ஊறே இம்சை என்று கூறுகையில், கேட்டறியக்கூடியதைக் கேளாமலிருக்கும் மனத்தையும் தொட்டுவிடுகிறது. திருச்சியிலிருந்து பறப்பவனுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே மிகக் குறைவு என்பது இன்னொரு சமாதானம். இது பலமானது, இதை நான் மறுக்கமாட்டேன். வேறு வழியில்லாமல் ஏறுகிறவன் விரும்பினவன் ஆகமாட்டான். ஏறுவதை ஏறிக்கொண்டு, புகழுரையை மட்டும் நிறுத்திவைப்பது அவனுக்குச் சாத்தியமே.

இல்லறத்தாருக்கு ஜைனர்கள் விதித்த குணவிரதங்களில் திக்விரதம் என்று ஒன்று உண்டு. இன்ன திசையில் இவ்வளவு தூரத்துக்கு அப்பால் போவதில்லை என்று ஒருவன் தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொள்வது. தொழிலும் மக்களும் தூர தேசங்களில் சிதறிக் கிடக்கிற இக்காலத்தில் அதை அட்சரம் பிசகாமல் அனுஷ்டிக்க எவராலும் ஆகாது. என்றாலும், எந்த விமானம் என்பதற்கு முன்னால், இந்தத் தூரம் பறந்துதான் கடக்க வேண்டியதா என்று கேட்டுக்கொள்வதற்கு அது போதும். நம் ஊர் வழியாக ராமேசுவரம் வண்டி இரவில் சென்னைக்குப் போகிறது. வியாதியோ மரணமோ அவசரப்படுத்தினாலொழிய, அந்தத் தூரத்துக்கு நான் விமானத்தைத் தேடுவதில்லை. டில்லிக்கோ கல்கத்தாவுக்கோ போகவேண்டியிருந்தால் தயங்காமல் பறக்கிறேன்.

அப்போது எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நேரமும் கட்டணமும் பொருந்தியதை எடுத்துக்கொள்கிறேன். பிடித்தது என்று ஒன்றையும் இதுவரை சொல்லவில்லை. சொல்வதற்கு வேண்டிய சாட்சியம் என்னிடம் இல்லை, அது இருக்குமிடம் மாத்திரம் தெரியும். விமானிகளின் களைப்பைப் பற்றி வந்த முறையீடுகளையும் அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கையையும் ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநரகத்துக்கு அறிக்கையாகக் கொடுக்க வேண்டுமென்று, ஓய்வு விதிகளோடு கூடவே 2024இல் கட்டளை பிறந்திருக்கிறது. தாமதங்களையும் ரத்துகளையும் பிரயாணிகளின் புகார்களையும் மாதந்தோறும் நிறுவனவாரியாக அச்சிட்டு வெளியிடுகிற அதே இயக்குநரகம், இந்த அறிக்கைகளையும் அவற்றின் பக்கத்திலேயே ஒரு பத்தியாக வெளியிடட்டும். மூட்டை ஏற்றுகிறவர்களும் நாற்காலி தள்ளுகிறவர்களும் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்பதும் அதில் சேரட்டும். அதைப் படித்த பிறகு, கட்டணம் சற்றுக் கூடினாலும், இன்னது எனக்குப் பிடித்தது என்று பெயர் சொல்லிச் சொல்வேன்.