கல்விக் கடனும் பெற்ற கடனும்

கடன் என்னும் தமிழ்ச்சொல் கடமையையும் குறிக்கும். திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். சிங்கப்பூரில் இவ்விரண்டும் ஒரே கணக்கில் சந்திக்கின்றன. 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதி உழைப்பவரின் முதுமைக்கென அமைந்தது. ஊழியர் செலுத்தும் சந்தாவுக்கு வரிச்சலுகையும் உண்டு. 1989 முதல், பெற்றோர் அச்சேமிப்பிலிருந்து பிள்ளையின் உள்நாட்டு உயர்கல்விக் கட்டணத்தைச் செலுத்த வழி பிறந்தது. ஆனால், கொடையாக அன்று. படிப்பு முடிந்தபின் பிள்ளை அசலையும் வட்டியையும் பெற்றோரின் கணக்கிலேயே திரும்பச் செலுத்துதல் வேண்டும்.

பெற்ற பிள்ளையிடம் வட்டியா என்று தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் தாய் முகஞ்சுளிக்கலாம். அச்சுளிப்பில் அன்பு உண்டு. முழு நியாயம் இல்லை. அவ்வட்டி எவருடைய இலாபமும் அன்று. எடுக்காதிருந்தால் அப்பணம் அடைந்திருக்கும் வளர்ச்சியே அது. தாயின் சங்கிலியை அடகுவைத்துப் படிக்கவைத்த வீடுகளில், அதன் விலை பிள்ளைக்குத் தெரியாமலே போனதுண்டு. இங்கோ கணக்கேடு மறைப்பதில்லை.

55 வயதை எட்டி, ஓய்வுக்காலத்துக்கு உரிய தொகையை ஒதுக்கிவைத்த பெற்றோர் அக்கடனை விட்டுக்கொடுக்க விதி இடந்தருகிறது. ஒதுக்க இயலாதவர்க்குப் பொதுவாக அவ்வுரிமை இல்லை. ஈயும் மனம் அவர்க்கும் உண்டே! அதனைத் தடுப்பது கொடுமையா, அக்கறையா? அக்கறை என்றே கொள்ளவேண்டும். பிள்ளைக்குத் தவணை கட்ட 12 ஆண்டுகள்வரை உண்டு. இழந்ததை மீண்டும் ஈட்டத் தந்தைக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை.