அனுப்பும் விரலும் வினையின் ஊற்றும்



தரங்கம்பாடிக் கரையில் நின்று கடலைக் காண்போர், அலைமேல் ஏறி இறங்கும் படகுகளையும் காண்பர். படகைச் சூழ்ந்த நீரால் அதற்குக் கேடில்லை. உள்ளே புகும் நீராலேயே கேடு. நம் ஆசாரியர்கள் ஓட்டை வழியே நீர் புகுவதை ஊற்று எனப்படும் ஆஸ்ரவத்திற்கும், அவ்வோட்டையை அடைத்தலைச் செறிப்பு எனப்படும் சம்வரத்திற்கும் உவமை கூறினர். மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் அசைவே வினை புகும் வாயில். இன்று அம்மூன்றும் ஒரு விரல் நுனியில் கூடிவிட்டன.

இதே தரங்கம்பாடிக்கு 1706ஆம் ஆண்டு வந்த சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார், தமிழ் எழுத்துக்களை வார்ப்பித்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவ்வேலை 1715ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அது பிற சமய நூலேயாயினும் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து, பிழை பார்த்து, தாளில் பதிக்கும்வரை சொல்லுக்குக் காவல் இருந்தது. இன்றோ எண்ணிய கணத்திலேயே சொல் ஆயிரம் வீடுகளை அடைகின்றது. காவல் நின்ற இடம் வெறுமையாயிற்று.

இக்காலச் சமூக ஊடகங்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. ஒவ்வொன்றிலும் புகுந்து மீளும்போது உள்ளம் ஒவ்வொரு விதமாக இருப்பதை நாமே உணரலாம். எக்ஸ் தளத்தில் சிறு சொற்போரைக் கண்டாலும் மறுமொழி கூறத் துடிக்கின்றோம், அது குரோதம். முகநூலில் நம் இல்ல விழாப் படத்தை இட்டு, எத்தனை பேர் விரும்பினர் என்று எண்ணுகின்றோம், அது மானம். இன்ஸ்டாகிராமில் உள்ளதை மறைத்து அழகூட்டிய முகத்தைக் காட்டுகின்றோம், அது மாயை. யூடியூபில் ஒன்று முடியுமுன் மற்றொன்றை நாடி இரவைக் கழிக்கின்றோம், அது லோபம். கருவியின் மீது குற்றமில்லை. நம் உள்ளத்திலுள்ள கஷாயம் எதுவோ, அதைத் தொட்டு எழுப்பும் இடமாக அது அமைகின்றது.

வாட்ஸ்அப்போ உற்றார் உறவினர் கூடும் திண்ணை போன்றது. ஆதலின் அங்கே ஐயுறுவதில்லை. மாமா அனுப்பினார், அத்தை அனுப்பினார் என்று நாமும் அனுப்பி விடுகின்றோம். அதனால் விளைந்த கேட்டை நம்மவர் பலர் வாழும் திருவண்ணாமலை மாவட்டமே கண்டது. 2018ஆம் ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிப்போர் திரிவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த வேளை. குலதெய்வத்தை வழிபடப் போளூர்ப் பகுதிக்கு வந்த முதியவள் ஒருத்தி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். பிள்ளை பிடிப்பவள் என்று கருதிய கூட்டம் அவளை அடித்துக் கொன்றது. அவ்வாண்டே ஜூலையில் அந்நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு கட்டியது.

"என் கை அடிக்கவில்லையே" என்பர் அவ்வதந்தியை அனுப்பியவர்கள். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில், பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையோடு உயிர்க்கு ஊறு விளைத்தலையே ஹிம்சை என்றார். அந்நூலின் ஆறாம் அத்தியாயம் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வழிகளையும் வினைக்கு வாயிலாகக் கூறுகின்றது. எண்ணுதல், முயலுதல், தொடங்குதல் என்னும் மூன்றையும், முக்கரணங்களையும், இம்மூன்று வழிகளையும், நான்கு கஷாயங்களையும் பெருக்கின் 108 ஆகும். நம் ஜபமாலையின் மணிகளும் 108. இழிசொல்லை எழுதுதல் செய்தல். பிறரைத் தூண்டி எழுதச் செய்தல் செய்வித்தல். அதன்கீழ் விருப்பக் குறி இடுதல் உடன்படுதல். ஓசையின்றி இடும் அக்குறியும் கணக்கில் தப்பாது.

ஆதலின் சிராவக, சிராவகியரே! கருவியை அறவே துறத்தல் இல்லறத்தார்க்கு அரிது. வரம்பு கட்டுதல் எளிது. சாமாயிகத்திற்குரிய இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், அது வேறு அறையில் இருக்கட்டும். அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் நாவிற்கு நோன்பு கொடுப்பது போல் விரலுக்கும் கொடுப்போம். எதையும் அனுப்புமுன், இது மெய்யா, இதனால் எவ்வுயிர்க்கேனும் ஊறு உண்டா, இதை அனுப்பத் தூண்டுவது எந்தக் கஷாயம் என்று மூன்று வினாக்களை நம்மையே கேட்போம். தவறி அனுப்பியிருப்பின் அதே குழுவில் தவறென அறிவித்து மன்னிப்பு வேண்டுவோம், அதுவும் பிரதிக்கிரமணமே.

கடல் வற்றப் போவதில்லை. படகின் ஓட்டையை அடைத்தல் நம் கையில் உள்ளது.

அறம் வளர்க!