உப்பும் ஊழும்

தீராத நோயைக் கண்டால் "போன பிறவியில் என்ன பாவம் செய்தாரோ" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஓயவில்லை. முன்கழுத்துக் கழலையை மறைக்க முடியாது என்பதால் அந்தத் தீர்ப்பு அதன்மேல் சட்டென்று விழுகிறது. நோய் அவரவர் முன்வினையின் பலன் என்ற கூற்றை உரசிப் பார்க்கவும் இந்தக் கழலையே ஏற்றது.

கழலை என்பது தைராய்டு சுரப்பியின் வீக்கம். அந்தச் சுரப்பிக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். மழையும் பனியாறும் அரித்த இமயமலை மண்ணில் அதுகூடப் போதிய அளவு இல்லை. அங்கே விளையும் தானியத்திலும் இல்லை. குறைவை ஈடுகட்டச் சுரப்பி முதலில் சீராகப் பருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல முடிச்சு முடிச்சாகிறது. இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கிய ஆய்வில், வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஊர்களை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்கு வெறும் உப்பு. ஆறே ஆண்டுகளில் முன்னவற்றில் கழலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. வெறும் உப்புப் பகுதியில் குறையவில்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பு போனதும் குறைந்தது. நல்லவரும் பொல்லாதவரும் மூன்று பகுதிகளிலும்தான் இருந்திருப்பார்கள். நோய் பார்த்தது உப்பை.

"அந்த மண்ணில் பிறக்க வைத்ததே வினைதானே?" என்று கேட்கலாம். இதை யாராலும் மறுக்க முடியாது. அதுதான் இதன் பலவீனம். நோய் வந்ததும் வினை, உப்பு வந்து தீர்ந்ததும் வினை என்றால் எதுவும் விளங்கவில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் உண்டு: எல்லாக் கழலையும் அயோடின் குறைவால் வருவதில்லை. கிரேவ்ஸ் நோயில் சுரப்பி அளவுமீறிச் சுரந்து வீங்குகிறது. ஹாஷிமோட்டோ நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குகிறது. ஒரே உப்பைத் தின்னும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஏன் வர வேண்டும்? மரபு கொஞ்சம் விடை சொல்கிறது, முழுதும் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நோயாளியின் குற்றத்தால் நிரப்புவது அறிவாகாது, பக்தியும் ஆகாது.

ஊழுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், 'மருந்து' அதிகாரத்தின் பத்துக் குறளிலும் ஊழை அழைக்கவில்லை. அளவு மிகுவதும் குறைவதும் நோய் என்று தொடங்கி, காரணத்தைத் தேடச் சொல்கிறார். வினையை நம்புகிறவர் தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்க அந்த நம்பிக்கை உதவட்டும். அடுத்தவர் கழுத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுத வேண்டாம். தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் கருவின் மூளை வளர்ச்சி குன்றும். தடுக்கும் வழி தெரிந்தும் தடுக்காமல் விட்டால், அந்தக் குழந்தையின் முன்வினையைப் பேச நமக்கு வாயில்லை; விசாரிக்க வேண்டியது நம்முடைய வினையைத்தான்.