எதனால்? எதற்கு?

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு தெருவை நடந்து கடப்பதற்குள் ஒரே கேள்வி நாலு மொழியில் காதில் விழும். தள்ளுவண்டியில் தக்காளி விலை ஏறியதைக் கன்னடத்தில் 'யாகே' என்று விசாரிப்பார்கள். தக்னி உருது பேசும் பாட்டி பேரனைக் 'கைக்கு' என்று அதட்டுவார். தமிழ் வீட்டு வாசலில் அதுவே 'எதுக்குடா'. 1914இல் தொடங்கிய கிளாரன்ஸ் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வாயில் 'ஒய்'.

இவற்றில் முதல் மூன்றும் சொல்லமைப்பில் உடன்பிறப்புகள் போலத்தான். 'யாகே'யின் கடைசியில் நிற்கும் 'கே' நான்காம் வேற்றுமை உருபு, நம் 'கு'வுக்குச் சமம். 'கைக்கு' என்பது 'காஹே கோ' தேய்ந்து வந்தது. அந்தக் 'கோ'வும் அதே வேலையைத்தான் செய்கிறது. தெலுங்கு 'எந்துகு'வும் அப்படியே. எல்லாமே 'எதற்கு' என்றுதான் கேட்கின்றன.

'ஒய்' வேறு வழியில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் 'என்ன' என்ற சொல்லுக்கு 'எதனால், எதைக்கொண்டு' என்று பொருள்தரும் வேற்றுமை வடிவம் ஒன்று இருந்தது. அதுதான் 'ஒய்'. பிறப்பில் அது காரணத்தைக் கேட்ட சொல். இன்று காரணம், நோக்கம் இரண்டையும் அதுவே சுமக்கிறது. நம் 'ஏன்' கூட இரண்டையும் சுமப்பதுதான். ஆனால் பிரித்துக் கேட்க வேண்டிய நேரத்தில் 'எதனால்', 'எதற்கு' என்று இரண்டு சொற்கள் தமிழன் நாக்கிலேயே இருக்கின்றன.

இந்தப் பிரிவு எங்கே உயிர்நிலையைத் தொடுகிறது என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரியும். டெங்குவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் 'ஏன் டாக்டர்?' என்கிறாள். ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கியதையும் இரத்த அழுத்தம் விழுந்ததையும் டாக்டர் பொறுமையாகச் சொல்கிறார். அவளும் கேட்டுக்கொள்கிறாள். முடிந்ததும் மறுபடி 'ஏன்?' என்கிறாள். டாக்டர் சொன்னது அத்தனையும் உண்மை. அது 'எதனால்' என்பதற்கான பதில். அவள் கேட்டது 'எதற்கு'.

டேவிஸ் சாலையில் உள்ள தூய ஆவியார் ஆலயம் போன்ற கத்தோலிக்கக் கோவில்களில், மத்தேயுவோ மாற்குவோ வாசிக்கப்படும் ஆண்டுகளில், குருத்து ஞாயிறன்று இந்தக் கேள்வி, 'ஏன் என்னைக் கைவிட்டீர்?' என்று சிலுவையில் தொங்கும் இயேசுவிடமிருந்தே எழும். தமிழ் விவிலியத்தில் அது 'ஏன்'. மாற்கு எழுதிய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு 'எதை நோக்கி' என்று பொருள், மத்தேயுவில் 'என்ன ஆவதற்காக'. பின்னால் இருக்கும் எபிரேயச் சொல் 'லாமா'. அதில் 'ல' நம் 'கு', 'மா' நம் 'என்ன'. ஆக, எதற்கு. பிறந்தபோதே நான் செத்திருக்கக் கூடாதா என்று, பழைய ஏற்பாட்டில் எல்லாம் இழந்த யோபு கதறும்போதும் எபிரேயத்தில் அதே சொல்தான்.

யோவான் நற்செய்தியில் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் யார் செய்த பாவம் என்கிறார்கள். இயேசு அந்தக் கணக்கையே தள்ளிவிட்டு, கடவுளின் செயல் அவனிடம் வெளிப்பட என்று நோக்கத்தைச் சொல்கிறார். நம் ஊரிலும் துக்க வீட்டில் 'போன ஜென்மத்துப் பாவம்' என்பவர்கள் உண்டு. வினைக்கோட்பாடு பல நூற்றாண்டு சிந்தனை, அதை எளிதாக ஒதுக்க முடியாது. ஆனால் அது 'எதனால்' என்பதற்கான விளக்கம். அதைத் தூக்கி ஒரு தாயின் 'எதற்கு'வின் மேல் போடுவது கொடுமை.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பிரித்தார். அறியாமல் கேட்பது அறியா வினா. பருப்பு இருக்கிறதா என்று கடையில் கேட்பது கொளல் வினா, அதாவது ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்பது. அந்தத் தாயின் 'ஏன்' அறியா வினா போலத் தோன்றினாலும் உள்ளே கொளல் வினாதான் என்று படுகிறது. யோபுவும் அப்படித்தான். கடைசியில் கடவுள் புயலிலிருந்து பேசும்போது 'எதற்கு' என்பதற்குப் பதிலே சொல்வதில்லை, திருப்பிக் கேள்விகளாகக் கேட்கிறார். ஆனால் வந்துவிட்டார். யோபு அதன்பின் வாதாடவில்லை.

யோபுவின் மூன்று நண்பர்களைப் பலரும் குறை சொல்வார்கள். பாவத்தைக் காரணமாகக் காட்டியே அவர்கள் அவரை வதைத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால், அவர் படும் துயரத்தின் கொடுமையைக் கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.