மேலே காய்ந்த தானியம்



மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியல். நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தபோது பார்த்துவிட்டுக் கடந்து போகவில்லை. குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

கலப்படம் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஹதீஸைச் சொல்கிறோம். உள்ளே போன அந்தக் கையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஒரு தொழிற்சாலையைச் சோதிப்பது என்றால் மேலே காய்ந்திருப்பதைப் பார்ப்பதா, உள்ளே கையை விடுவதா?

நம் கொடைக்கானலையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் இந்த மலைக்கு இடம் மாறி வந்தது. 1987-ல் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. காய்ச்சல் பார்க்கும் கருவி, குளிர்ந்த மலை, கண்ணாடி வேலை. இதைவிடச் சுத்தமான தொழில் உண்டா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பாதரசத்தின் குணம் அப்படி. சாதாரண அறைச் சூட்டிலேயே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். துணியில் ஒட்டினால் வீட்டுக்கும் வரும். ஆய்வுக்கு வருகிறவர் தரையைப் பார்ப்பார், விளக்கைப் பார்ப்பார், பதிவேட்டைப் புரட்டுவார். காற்றை அளந்து பார்த்தால்தானே ஈரம் தெரியும்!

ஆய்வாளர்கள் அங்கே போகவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2001 மார்ச்சில் விஷயம் வெளியே வந்தது மூஞ்சிக்கல்லில் இருந்த ஒரு பழைய சாமான் கடையிலிருந்து. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி அங்கே கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். தன் விதிமுறைகளை மீறி அது விற்கப்பட்டுவிட்டது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். போதிய பாதுகாப்பு தரவில்லை, அதே உடையோடு வீட்டுக்குப் போனோம், உடம்பு கெட்டது என்பது அவர்கள் வழக்கு. யாருக்கும் அதனால் நோய் வரவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றது நிறுவனம். மூடியதற்கும் இதற்கும் இடையில் 15 ஆண்டுகள்.

சகோதரர்களே, ஒரு கேள்வி எழும். உடம்புக்கு ஆகவில்லை என்றால் தொழிலாளி அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? இந்தக் கேள்வியைக் கேட்பவர் மாதச் சம்பளத்தில் அரிசி வாங்கிப் பார்க்காதவர். மலையில் வேறு என்ன வேலை இருந்தது? "எனக்குப் பரவாயில்லை முதலாளி" என்று ஒருவன் சொல்வது பல நேரம் சம்மதமே அல்ல, பசி பேசுகிறது. உண்மையாகவே சம்மதித்தாலும், உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதை அழித்துக்கொள்ள அவனுக்கே உரிமை இல்லாதபோது, அழிக்கும் உரிமையை உங்களுக்கு அவன் எப்படி எழுதிக் கொடுப்பான்?

1058-ல் மறைந்த இமாம் மாவர்தீ, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கும் காழிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குகிறார். காழியிடம் வழக்கு வர வேண்டும். முஹ்தஸிப் புகாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, வெளிப்படையான தீமையைத் தானே போய்த் தடுப்பார். கப்பலில் அளவுக்கு மீறி ஏற்றுவதையும், கால்நடைக்குத் தாங்காத சுமை வைப்பதையும் தடுப்பதுகூட அவர் வேலை. சுமக்கிற மாடு புகார் கொடுக்குமா?

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்தப் புத்தி உண்டு, கொஞ்சம் தாமதமாக வந்தது. போபால் நடந்த பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். என்ன ஆபத்து என்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும்; அவனுடைய மருத்துவப் பதிவை அவன் பார்க்க வழி இருக்க வேண்டும். பாதரச நஞ்சைக் கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதற்கும் முந்தியது. ஆகவே மருத்துவரும் ஆய்வாளரும் போடும் கையெழுத்து ஒவ்வொன்றும் சாட்சியம். பெரும்பாவங்களைச் சொல்லிக்கொண்டு சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்திவிடக் கூடாதா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று புகாரியில் வருகிறது. பார்க்காமலே "சரி" என்று எழுதுவது வேறென்ன? எழுத வைக்கக் கவர் நீட்டும் முதலாளிக்கு அதில் பங்கில்லையா?

பெரிய கம்பெனியைப் பற்றிப் பேசுவது நமக்குச் சுலபம். கொடைக்கானலும் திண்டுக்கல் மாவட்டம்தான். கீழே இறங்கினால் பூட்டுப் பட்டறை, தோல் ஷாப், வெல்டிங் கடை. இவற்றில் நம்மவர்கள் நடத்துவதும் ஏராளம். மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது 1948 சட்டம். 2020-ல் இயற்றிய புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. ஆளைக் குறைத்துக் கணக்கு காட்டினால் இன்ஸ்பெக்டர் தொல்லை இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கில் வராத அந்தப் பையனின் நுரையீரலுக்கு இந்த எண்ணிக்கை தெரியாது. ஆய்வாளர் வராத பட்டறையில் குவியலுக்குள் கை விட முதலாளியைத் தவிர வேறு ஆள் கிடையாது.

பட்டறை வைத்திருப்பவர்கள் இன்று தொழுதுவிட்டுப் போனதும் பின்னறைக்குப் போங்கள். அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று மூச்சு விடுங்கள். பையன்கள் மதியச் சோற்றை எங்கே வைத்துச் சாப்பிடுகிறார்கள், வேலை உடையை எங்கே கழற்றி மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். அந்த உடையை வீட்டில் துவைக்கிறவர் யார் என்றும் கேளுங்கள்.