கழிவும் கடனும்

தமிழிலே கழிவு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வேண்டாமென்று ஒதுக்கப்படுவதும் கழிவு. வணிகன் விலையிற் குறைத்துக் கொடுப்பதும் கழிவு. கடன் என்னும் சொல்லும் அவ்வாறே. பிறரிடம் பெற்றுத் திருப்ப வேண்டியதும் கடன். செய்தே ஆகவேண்டிய கடமையும் கடன். மீள்சுழற்சித் தொழிலைப் பற்றி இன்று எழுகின்ற அறவியல் வினா இந்நான்கு பொருள்களுக்கிடையே அடங்கிக் கிடக்கின்றது.

அவ்வினா யாது? பழைய உலோகத்தையும் கண்ணாடியையும் காகிதத்தையும் பிளாஸ்ரிக்கையும் திரட்டி மீண்டும் பண்டமாக்கும் கம்பனிகள், தாம் உலகின் காலநிலையைக் காப்பதாகவும் இயற்கை வளங்களைப் பேணுவதாகவும் உரைக்கின்றன. அவ்வுரை மெய்யா என்பது முதல் வினா. மெய்யாயின், அந்நன்மை யாருடைய கணக்கிற் சேரவேண்டும் என்பது இரண்டாவது. முதலாவது விஞ்ஞானத்தால் விடை காணத்தக்கது. இரண்டாவது நீதியால் மட்டுமே விடை காணத்தக்கது. இரண்டையும் கலந்து பேசுவதனாலேயே குழப்பம் நேர்கின்றது.

முதல் வினாவிற்கு அலுமினியம் தெளிவான விடை தருகின்றது. ஒரு தொன் அலுமினியம் பெற நாலைந்து தொன் பொக்சைற்று மண்ணை அகழ வேண்டும். அதனை எரிசோடாவுடன் சேர்த்துப் பதப்படுத்திப் பெறும் வெண்பொடியை 950 பாகை அளவான வெப்பத்தில் உருகிய உப்பிலே கரைத்து, அதனூடு மின்னைச் செலுத்த வேண்டும். 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சாள்ஸ் ஹோல் என்பவரும் பிரான்சிற் போல் ஹெரூ என்பவரும் தனித்தனியே கண்டறிந்த அம்முறையே இன்றும் கையாளப்படுகின்றது. அதற்குத் தொன் ஒன்றுக்கு ஏறத்தாழ 14,000 கிலோவாற்று மணி மின் செலவாகின்றது. அம்மின்னிற் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே பெறப்படுகின்றது. பழைய பானக் குவளையை உருக்கிப் புதியது வார்ப்பதற்கோ இச்சக்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே போதும். எத்தனை முறை உருக்கினும் உலோகத்தின் இயல்பு கெடுவதில்லை.

இவ்வெண்களுக்குப் பின்னால் மலையும் மனிதரும் உளர். 2010ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி ஹங்கேரியில் ஐக்கா நகரின் அருகே, பொக்சைற்றைப் பதப்படுத்தியபின் எஞ்சிய செந்நிறச் சேற்றைத் தேக்கிவைத்திருந்த அணை உடைந்து ஊர்களுட் புகுந்தது; பத்துப் பேர் மாண்டனர். இந்தியாவின் ஒடிசாவிலே, நியாம்கிரி மலையைத் தெய்வமெனப் போற்றி வாழும் டொங்கிரியா கோந்து மக்கள், அம்மலையின் பொக்சைற்றை அகழ வந்த கம்பனியை எதிர்த்துப் பல்லாண்டு போராடினர். முடிவினை ஊர்மக்களே கூறட்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் அகழ்வை மறுத்தன. பழைய உலோகம் மீண்டும் உலைக்குச் செல்லுந்தோறும் இத்தகைய மலையொன்றின் மீதுள்ள நெருக்குதல் ஓரளவு குறையக்கூடும். வளத்தைப் பேணுதல் என்பதன் பொருள் இதுவே. ஆகவே மீள்சுழற்சியை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடுவோர் உண்மையின் பாதியைக் காணாதவர்.

ஆயின் மற்றைப் பாதியும் உண்டு. அலுமினியத்துக்குப் பொருந்துவது பிளாஸ்ரிக்கிற்குப் பொருந்துவதில்லை. பிளாஸ்ரிக் வகை பல. ஒன்றோடொன்று கலந்தால் உருக்கியும் பயனில்லை. உருக்குந்தோறும் அதன் நீண்ட மூலக்கூற்றுத் தொடர்கள் அறுந்து தரம் தாழ்கின்றது. 2019ஆம் ஆண்டில் உலகிற் சேர்ந்த பிளாஸ்ரிக் கழிவில் நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவே மீள்சுழற்சி பெற்றது. ஆயினும் போத்தலின் அடியிலே ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளைக் காண்பவர், அது மீண்டும் பண்டமாகும் என்றே நம்புகின்றனர். 1988இல் அமெரிக்கப் பிளாஸ்ரிக் தொழிலதிபர் சங்கம் வகுத்த அக்குறியின் நடுவிலுள்ள எண் பிளாஸ்ரிக் இன்ன வகையினது என்பதைக் குறிப்பது. மீள்சுழற்சி நடைபெறும் என்பதற்கு உறுதி தருவதன்று. குறி நம்பிக்கையை விற்றது. அந்நம்பிக்கை மேலும் போத்தலை விற்றது.

அலுமினியத்திலுங்கூட முழுக் கணக்கைப் பார்த்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டில் உலகம் மண்ணிலிருந்து புதிதாகப் பெற்ற அலுமினியம் ஏறத்தாழ 25 மில்லியன் தொன். 2023இல் அது ஏறத்தாழ 70 மில்லியன் தொன். இடைப்பட்ட காலத்தில் மீள்சுழற்சியும் வளர்ந்தது, அகழ்வும் வளர்ந்தது. காரணம் வெளிப்படை. கட்டடத்திலும் வாகனத்திலும் சேர்ந்த உலோகம் பல ஆண்டுகளின் பின்னரே பழையதாகித் திரும்புகின்றது. நுகர்வோ ஆண்டுதோறும் பெருகுகின்றது. நேற்றைய பழையதைக் கொண்டு நாளைய பேராசையை நிறைவுசெய்ய எந்த உலையாலும் இயலாது. ஒரு கம்பனி மீட்ட தொன்னைக் கூறுகையில், அதே பண்டத்தை மேன்மேலும் வாங்கும்படி உலகெங்கும் செய்யப்படும் விளம்பரத்தையும் சேர்த்தே நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இங்கேதான் கழிவு என்னும் சொல்லின் வணிகப் பொருள் தலைகாட்டுகின்றது. செய்த தீங்கிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகையாக மீள்சுழற்சி மாறிவிடுகின்றது. தொட்டியிற் போட்டேன், ஆகவே மேலும் வாங்கலாம் என்று நுகர்வோன் கருதுகின்றான். மீட்டெடுத்தேன், ஆகவே மேலும் உற்பத்தி செய்யலாம் என்று கம்பனி கருதுகின்றது. குற்றம் செய்வதற்கு முன்னரே அதற்குரிய கழுவாயை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளும் மனநிலைக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

மேலும், அக்கழுவாயின் பாரத்தைச் சுமப்பவர் யார்? 1992 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டாக உலகின் பிளாஸ்ரிக் கழிவு இறக்குமதியில் அரைவாசியை அண்மிய பங்கைச் சீனா ஏற்றுவந்தது. மேலைநாட்டுப் பட்டியல்களில் மீள்சுழற்சி என்று எழுதப்பட்டவற்றுட் பெரும் பங்கு, கப்பலேறி அங்கு சென்றதே. 2018இன் தொடக்கத்திற் சீனா கதவை அடைத்தது. கழிவு மலேசியாவையும் வியட்நாமையும் தாய்லாந்தையும் நாடி ஓடிற்று.

நம் நாட்டிற்கும் அது வந்தது. மீள்சுழற்சிக்குரிய பழைய மெத்தைகளும் கம்பளங்களும் என்ற பெயரில் 2017க்கும் 2019க்கும் இடையிற் பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்திற்கு வந்த கொள்கலன்களில் மருத்துவமனைக் கழிவுகளும் கலந்திருப்பதை இலங்கைச் சுங்கத் திணைக்களம் கண்டறிந்தது. சுற்றாடல் அமைப்பொன்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடிற்று. 2020இல் தொடங்கி 2022 பெப்ரவரி வரை மொத்தம் 263 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளன்று, சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரை விழுங்கியதும் இதே காலப்பகுதியிலேதான். அம்மேடு கொழும்பு மாநகரின் குப்பையாலானது. மாண்டவர்கள் அதன் அடிவாரத்திற் குடியிருந்தோர். கழிவு நாடுகளுக்கிடையிற் செல்லினும் நகருக்குள்ளே செல்லினும் அதன் வழி ஒன்றே: வலியோர் வாசலிலிருந்து மெலியோர் வாசலுக்கு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதே. குறையுடையதாயினும் ஒன்றுமே செய்யாதிருப்பதைவிட இது மேலன்றோ? இலாப நோக்கின்றி எவர் உலை அமைப்பார்? இத்தொழிலால் ஏழைகளுக்கு வேலை கிடைக்கவில்லையா? கிடைக்கின்றது. பிறேசிலிலே அலுமினியக் குவளைகளில் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவை பல ஆண்டுகளாகத் திரும்ப உலைக்குச் செல்கின்றன. அச்சாதனையின் அடித்தளம் தெருத்தெருவாக நடந்து குவளை பொறுக்கும் கற்றாடோர்கள் என்னும் உழைப்பாளரே. ஆனால் அவர்கள் கூட்டுறவுகளாகத் திரண்டு குரலெழுப்பிய பின்னரே 2010இன் தேசியத் திண்மக் கழிவுச் சட்டத்தில் அவர்களுக்கு இடங்கிடைத்தது. கொலம்பியாவின் தலைநகர் பொகொற்றாவிலும் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை வழக்காடிய பின்னர், 2013இலேதான் குப்பை பொறுக்குவோரின் உழைப்பு நகரத்துக்குச் செய்யும் பணியாக ஏற்கப்பட்டு அதற்கு ஊதியமும் வழங்கப்படலாயிற்று. காலநிலையைக் காப்பவர் பட்டியலிற் கம்பனியின் பெயர் முதலிலும் இவர்கள் பெயர் இறுதியிலுங்கூட இல்லாதிருத்தல் எவ்வகை நீதி? வேலை கொடுத்தோம் என்பது விடையாகாது. எத்தகைய வேலை, எவ்வளவு கூலி, எந்த நச்சுப்புகை என்பவையும் வினாவில் அடங்கும்.

ஆகவே நாம் கம்பனிகளை வெறுத்தொதுக்கும்படி கூறவில்லை. அவை செய்வது இன்றியமையாத தொழில். ஆனால் அதனைத் தானம் என்று போற்றுவது பிழை. தானம் கொடுத்தவனுக்குப் புகழ் உண்டு. அளவையும் அவனே நிர்ணயிக்கலாம். எப்போது வேண்டுமாயினும் நிறுத்தலாம். கடனைத் திருப்புவோனுக்கு இவ்வுரிமைகள் இல்லை. மண்ணிலிருந்தும் வளியிலிருந்தும் இன்னும் பிறவாத தலைமுறையிடமிருந்தும் பெற்றதையே நாம் திருப்புகின்றோம். கடன் என்று கொண்டால் மூன்று விதிகள் தாமே பின்தொடரும். வாங்கியவனே திருப்ப வேண்டும்; அயலானின் தலையிற் சுமத்தலாகாது. திருப்பும் காசைச் சுமந்து செல்பவனுக்கு உரிய கூலி கொடுக்க வேண்டும். திருப்பிக்கொண்டே அதனினும் பெரிய கடனை வாங்கலாகாது.

பாடசாலைகளிலே நிறந்தீட்டிய தொட்டிகளை வைத்து, இன்ன கழிவை இன்ன தொட்டியிற் போடு என்று பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கின்றோம். நல்லதே. அத்தொட்டி நிறைந்தபின் எங்கே செல்கின்றது, அதனை யார் கைகள் பிரிக்கின்றன, இத்தனை தொட்டிகள் ஏன் நிறைகின்றன என்று ஒரு பிள்ளை வினவுமாயின், அவ்வினாவை அடக்காது வளர்ப்பதும் நமது கடன். வினவத் தெரிந்த தலைமுறையின் முன்னே எந்தக் கம்பனியும் தன் கணக்கேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டிப் பெருமை கொள்ள இயலாது.